வாய்க்குச்சி

உயிரோடு இருப்பவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காத வடபாலூர் நகராட்சி, செத்தவர்களின் தொண்டையைப் பார்க்க மட்டும் ஆள் வைத்திருந்தது. எரிமேடை வாசலில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு மேசை, ஒரு கேமரா, கைப்பேசி அளவுக்கு ஒரு கருவி. உடல் வந்ததும் நீளமான பஞ்சுக் குச்சியைத் தொண்டை வரை விட்டுச் சுழற்றி எடுத்துக் கருவியில் செருகுவார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் விளக்கு எரியும். பச்சை என்றால் செத்தவருக்கு வௌவால் காய்ச்சல் இல்லை. சிவப்பு என்றால் இருந்திருக்கிறது. அரசாணையில் இதற்கு இறுதி நலச் சோதனை என்று பெயர். செத்த பிறகு என்ன நலம் என்று பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். ஜனங்கள் அதை வாய்க்குச்சி என்றார்கள்.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். முந்தைய முறை வௌவால் காய்ச்சல் வந்தபோது, வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் சுடுகாடுகளில் இடமில்லாமல் போய்விட்டது. வீட்டில் செத்தவர்களுக்கெல்லாம் மாரடைப்பு, முதுமை என்று எழுதிப் புதைத்துக்கொண்டே இருந்தார்கள். உடனுக்குடன் சோதித்திருந்தால் நோய் எந்தத் தெருவில் நுழைந்தது என்று முதல் வாரமே தெரிந்திருக்கும். சரி, அதோடு நிறுத்தினார்களா? உயிரோடிருப்பவரைச் சோதிக்க அவருடைய சம்மதம் வேண்டும். நோய் இருந்தால் படுக்கை தர வேண்டும், மருந்து தர வேண்டும். செத்தவர் எதையும் கேட்கமாட்டார். ஆகவே இனிமேல் செத்தவரின் முடிவு மட்டுமே செல்லும் என்று சட்டம் போட்டார்கள். ஒரு தெருவில் ஒரு சாவு சிவப்பானால் அந்தத் தெரு இரண்டு மாதம் மூடப்படும். அதற்குள் திறக்க வேண்டுமானால் ஒரே வழிதான். அதே தெருவில் அடுத்து ஒருவர் செத்து, அவர் பச்சையாக வேண்டும்.

இந்த வரியை எழுதிவிட்டு ஒரு மனிதர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்.

பெரிய தனியார் மருத்துவமனைகளில் செத்தவர்களுக்கு வாய்க்குச்சி கிடையாது. மருத்துவமனையின் சான்றே போதும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் யாரும் வீட்டில் சாவதில்லை என்பதால் அங்கே ஒரு தெருவும் இதுவரை சிவந்ததில்லை. இந்தப் பக்கம், தோல்மண்டித் தெருவில், பட்டம்மாள் வீட்டில்தான் செத்தாள். காலையில் மகள் அஞ்சுகத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்து ஷூ கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

மூத்த மகன் புருஷோத்தமன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காரில் வந்தான். முகம் வேர்த்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன. அம்மாவை நினைத்து அழுதிருக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எரிமேடைக் கொட்டகையில் குச்சி எடுக்கும் வேலை ரெஜினாவுடையது. ஒப்பந்தப் பணியாளர், சின்னப் பெண். உடல் வந்தவுடன் முதல் வேலையாகக் குச்சி எடுக்க வேண்டும் என்பது விதி. ரெஜினா அப்படிச் செய்யமாட்டாள். "சாங்கியம் எல்லாத்தையும் முடிச்சிட்டு வாங்கக்கா, நான் இங்கயேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள். அண்ணன் முதலில் வாய்க்கரிசி போட்டான். பிறகு அஞ்சுகம், பிறகு சொந்தக்காரர்கள். எல்லாம் முடிந்த பிறகு ரெஜினா குச்சி எடுத்தாள்.

சிவப்பு எரிந்தது. சிவப்பு என்றால் உடலை உடனே உலைக்குள் தள்ளிவிட வேண்டும். அஞ்சுகத்தால் அம்மாவின் காலைக்கூடத் தொட முடியவில்லை. அவர்கள் வீடு திரும்பியபோது தெருமுனையில் இரும்புத் தடுப்பு வைத்தாகிவிட்டது. உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. புருஷோத்தமன் எரிமேடையிலிருந்தே காரில் ஏறிப் போயிருந்தான். அவனுக்கு வேறு முகவரி.

அஞ்சுகத்தின் கணவன் கோவர்த்தனன் வெல்டர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் மூன்று தடவை அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவன். ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். பிறகு நுரையீரலில் ஏறும். அஞ்சுகம் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். சிவப்புத் தெரு நோயாளிகளுக்கென்று தனி மிஷின் இருக்கிறது என்றார்கள். அது எங்கே என்று கேட்டாள். ரிப்பேரில் இருக்கிறது என்றார்கள். எப்போது சரியாகும் என்று கேட்டதற்குப் போனை வைத்துவிட்டார்கள்.

வட்டார மருத்துவ அதிகாரி ஷகிலா பானு தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது அதற்கு அடுத்த நாள். கூடவே ரெஜினாவும் வந்திருந்தாள்.

"உங்கம்மாவுக்குக் காய்ச்சல் இருந்துச்சா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. வீட்லயும் யாருக்கும் இல்ல, தெருவுலயும் யாருக்கும் இல்ல. நீங்களே உள்ள வந்து ஒவ்வொருத்தரா பாருங்க."

"பார்க்கலாம்மா. ஆனா நான் பார்த்துச் சொன்னா அது செல்லாது."

"நீங்க டாக்டர்தானே?"

ஷகிலா பானு ரெஜினா பக்கம் திரும்பினார். "நீ குச்சி எப்ப எடுத்த? வந்தவுடனேயா?"

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். "அரிசி போட்டப்புறம் மேடம். அழுதுக்கிட்டு வர்றவங்க முன்னாடி வாயத் தெறந்து குச்சிய விட மனசு வரல. நான் மட்டும் இல்ல மேடம், எல்லா எரிமேடையிலயும் அப்படித்தான் பண்றோம்."

டாக்டர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். "அரிசி போட்டவங்கள்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம இருந்துச்சாம்மா? இருமல், காய்ச்சல்?"

"எங்க அண்ணன்..." என்று ஆரம்பித்த அஞ்சுகம் பாதியில் நிறுத்தினாள். வேர்த்த முகமும் சிவந்த கண்ணும் அவளுக்கு இப்போது வேறு மாதிரித் தெரிந்தன. கார் கதவைத் திறந்ததும் அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமியது ஞாபகம் வந்தது.

"இந்தக் கருவிக்குத் துளியளவு கிருமி இருந்தாப் போதும்" என்றார் டாக்டர். "அது யாரோட கிருமின்னு அதுக்குத் தெரியாது. உங்கண்ணன் கையில இருந்து அரிசிக்கு வந்திருக்கும். அரிசியில இருந்து குச்சிக்கு வந்திருக்கும். உங்கம்மாவுக்கு எதுவுமே இருந்திருக்காது."

"அப்போ தெருவத் தொறங்க."

"மறுபடி சோதிக்க உடம்பு இல்லியேம்மா. எரிச்சாச்சு."

"எங்களச் சோதிங்க. நாங்க இத்தினி பேரு உசுரோட நிக்கிறோமே."

"அதுக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்த எனக்கு அனுமதி இல்ல. மேல எழுதறேன். கமிட்டி கூடி முடிவு பண்ணணும்."

"கமிட்டி கூடற வரைக்கும் எங்க வூட்டுக்காரரு மூச்சப் புடிச்சிக்கினு இருப்பாரா?"

டாக்டர் கெட்டவர் இல்லை. எழுதத்தான் செய்தார். எல்லா எரிமேடையிலும் இப்படித்தான் என்று ரெஜினா சொன்னதையும் சேர்த்தே எழுதினார். அப்படியானால் இதுவரை மூடிய தெருக்களில் எத்தனை தெரு வீணாக மூடப்பட்டது என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தார். மேலே இருந்து வந்த பதில், விதிப்படி குச்சி எடுக்காத பணியாளர் மீது நடவடிக்கை எடுக்கவும் என்பதுதான்.

அஞ்சுகம் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"லேசாக் காய்ச்சல் இருந்துச்சு. எங்க டாக்டர் மாத்திரை குடுத்தாரு, சரியாயிடுச்சு" என்றான் புருஷோத்தமன். "ஏன் கேக்கற?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். "டாக்டரம்மாகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுண்ணா."

"உயிரோட இருக்கறவன் சொன்னா செல்லாதுன்னு நீயே சொல்ற. அப்புறம் நான் எதுக்கு அசிங்கப்படணும்? எங்க அசோசியேஷன்ல தெரிஞ்சா லிஃப்ட்ல கூட ஏத்தமாட்டாங்க."

"எங்க வூட்டுக்காரருக்குக் கால் ரெண்டும் வீங்கிப்போச்சுண்ணா."

"பணம் ஏதாவது வேணும்னா சொல்லு, அனுப்பறேன்."

அஞ்சுகம் போனை அணைத்துவிட்டு அதைச் சுவரில் எறியப் போனாள். பிறகு ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட அது ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாள். சிவப்புத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வராது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வைத்துக்கொண்டாள்.

தெருவில் வேலைக்குப் போக முடியாமல் எல்லோரும் முடங்கிக் கிடந்தார்கள். ஷூ கம்பெனியில் அவர்கள் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நர்சிங் பரீட்சை போய்விட்டது. அந்த நாட்களில்தான் கோவர்த்தனனை விசாரிக்க ஆள் வரத் தொடங்கியது. பேசியே பழக்கமில்லாதவர்கள் வந்தார்கள். ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். கொடுக்கும்போது அவன் பாதத்தைப் பார்த்தாள். ராத்திரி தூக்கம் வந்துச்சா, மூச்சு எப்பிடி இருக்குது என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். கேட்டுவிட்டு அவன் கண்ணைப் பார்க்காமல் எழுந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் சாவுக்காகக் காத்திருக்கும்படி ஒரு தெருவையே உட்காரவைத்தது யார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

"அஞ்சு, பாத்தியா" என்றான் கோவர்த்தனன். சுவரில் தலையணையைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டியது. "நம்ம கல்யாணத்துக்குக் கூட இத்தினி பேரு வரல."

"சும்மா இரு மாமா."

"எப்படியும் போறவன்தான். வெரசாப் போனா அதுங்களாவது வேலைக்குப் போவும்."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடந்தாள். தடுப்பைத் தாண்டி உள்ளே வரும் ஒரே வண்டி நகராட்சியின் அமரர் ஊர்தி. வந்த வண்டி ஆளை ஏற்றிக்கொண்டு வெளியே போகத்தான் செய்யும். அவள் திரும்பி வந்து கணவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ செத்துடு மாமா" என்றாள். "நாளைக்குக் காலையில."

தெருவில் யாரிடமும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. விடிந்ததும் மாலைகள் கட்டினார்கள். படுக்கவைக்க முடியாது என்பதால் நாற்காலியில் உட்காரவைத்துத் தாடைக்கும் தலைக்கும் துணி கட்டினார்கள். மூக்கில் வைத்த பஞ்சு மூச்சை அடைக்காமல் இருக்க எதிர்வீட்டுப் பெண் அதைப் பிய்த்துப் பிய்த்துச் சன்னமாக வைத்தாள். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஊர்தி வந்து நாற்காலியைத் தூக்கியபோது, வீங்கிய முகமும் மூடிய கண்ணுமாக அவனைப் பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் நடிக்கவில்லை. கஞ்சி கொண்டுவந்தவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தடுப்பை நகர்த்தி, உடலோடு போகிற சிலரை மட்டும் வெளியே விட்டார்.

கொட்டகையில் ரெஜினா இருந்தாள். அந்த வார இறுதியோடு அவளுக்கு வேலை போகிறது. அவள் நாற்காலியைப் பார்த்தாள்.

"உங்கம்மாவப் படுக்கவெச்சுத்தானேக்கா கொண்டு வந்தீங்க?"

"அவரு வகையில உக்காரவெச்சுத்தான் எடுப்பாங்க. புதைக்கிற வழக்கம்" என்றாள் அஞ்சுகம்.

கூட வந்த ஒருத்தி பழக்கதோஷத்தில் அரிசித் தட்டை நீட்டினாள். ரெஜினா கையால் தடுத்தாள். "மொதல்ல குச்சி" என்றாள் கேமராவுக்கும் கேட்கும்படி. தாடைக் கட்டை அவிழ்த்துக் கோவர்த்தனனின் வாயைத் திறந்தாள். அவள் விரல்களின் மேல் சூடான மூச்சு பட்டது.

அவள் கை அப்படியே நின்றது. அஞ்சுகம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவுக்கு முதுகைக் காட்டும்படி ரெஜினா கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டாள். பிறகு குச்சியை உள்ளே விட்டாள். உயிருள்ள எந்தத் தொண்டையும் குமட்டும். கோவர்த்தனன் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தான். மூடிய கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிந்தது.

"பன்னீர் ரொம்பத் தெளிச்சிட்டீங்கக்கா" என்று ரெஜினா பஞ்சால் அதைத் துடைத்துவிட்டாள்.

அவனுடைய மருத்துவ அட்டையைக் கருவியில் காட்டிவிட்டுக் குச்சியைச் செருகினாள். எல்லோரும் நின்றார்கள். கோவர்த்தனனின் மார்பு ஏறி இறங்குவதை மறைக்க அஞ்சுகம் அவன் மேல் விழுந்து அழுதாள். பச்சை எரிந்தது. உடனே வந்திருந்தவர்களின் கைப்பேசிகள் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. தோல்மண்டித் தெரு திறக்கப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி. தெருவிலிருந்து போன் போட்ட யாரோ கைதட்டுவது கேட்டது.

பச்சை உடலை எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். ஊர்தி சாலையில் ஏறியதும் கோவர்த்தனன் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு இருமினான். டிரைவர் பிரேக் போட்டுவிட்டுக் கீழே குதித்து ஓடப் பார்த்தார்.

"ஓடாதீங்கண்ணா, உங்களக் கும்புடறேன்" என்றாள் அஞ்சுகம். "ஜிஎச்சுக்குப் போங்க. ஆளு உசுரோடதான் இருக்காரு."

டிரைவர் திரும்பி வந்து ஏறினார். வண்டியை அதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினார்.

மருத்துவமனையில் கவுன்ட்டரில் இருந்தவர் அட்டையை இயந்திரத்தில் காட்டினார். திரையைப் பார்த்தார். கழுத்தில் மாலையோடு சக்கர நாற்காலியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தார். "அட்டை செல்லாதும்மா. இவரு காலமாயிட்டாருன்னு வருது."

குச்சியின் முடிவு வந்த அந்த நொடியே இறப்பும் தானாகப் பதிவாகிவிடும். செத்தவருக்குத்தானே சோதனை, அதனால் சோதிக்கப்பட்டவர் செத்தவர். தெரு முழுக்க உட்கார்ந்து யோசித்தும் இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

"நான் இங்கதாம்பா உக்காந்துங்கீறேன்" என்றான் கோவர்த்தனன்.

"எனக்குத் தெரியுது சார். அட்டை இல்லாம மிஷின் ஆன் ஆகாது, நான் என்ன பண்றது?"

அஞ்சுகம் ஷகிலா பானுவைக் கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார்.

"அவர் உயிரோட இருக்கார்னு நானே கையெழுத்துப் போட்டு அந்தச் சாவை ரத்து பண்ணலாம்மா" என்றார் கடைசியில். "ஆனா சாவு ரத்தானா பச்சையும் ரத்து. தெரு மறுபடி சிவப்பாயிடும். சிவப்புத் தெரு நோயாளியை அந்த ஆஸ்பத்திரியில வெச்சிருக்க மாட்டாங்க. அவரையும் திருப்பி உள்ளேதான் அனுப்புவாங்க."

"அப்போ எங்க வூட்டுக்காரரு செத்தவராவே இருக்கணுமா?"

"இப்போதைக்கு."

கோவர்த்தனனின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. டயாலிசிஸ் வார்டு சிஸ்டர் இதையெல்லாம் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பல மாதமாக ஊசி குத்துகிறவள். அவள் வந்து முதலில் மாலையைக் கழற்றினாள். பிறகு அஞ்சுகத்தைத் தனியாக அழைத்தாள்.

"ரோட்ல விழுந்து கெடந்த ஆளுன்னா அட்டை இல்லாம ஏத்தலாம். அடையாளம் தெரியாதவர்னு போடுவோம். கூட்டிட்டு வந்தவங்க கேமரா முன்னாடி நின்னு வாயால சொல்லணும்."

"இன்னான்னு சொல்லணும் சிஸ்டர்?"

"இவரை எனக்குத் தெரியாதுன்னு. ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்லணும்."

அஞ்சுகம் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். மூச்சு முட்டும்போதெல்லாம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வது அவன் பழக்கம். இப்போதும் பிடித்திருந்தான். அவள் விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு, இரண்டடி தள்ளிப் போய்க் கேமராவைப் பார்த்து நின்றாள்.

"இந்த ஆள எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "வழியில விழுந்து கெடந்தாரு. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. பாவமா இருந்துச்சு, கூட்டியாந்தேன்."

திரை ஏற்றுக்கொண்டது. சிஸ்டர் ஊசி குத்தினாள். மிஷின் சுழல ஆரம்பித்தது. வெகுநேரம் கழித்துக் கோவர்த்தனன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. கண்ணைத் திறந்து எதிரே நின்றவளைப் பார்த்தான். மேலே சுவரில் இருந்த கேமராவையும் பார்த்தான்.

"யாரு பெத்த பொண்ணோ" என்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். "நீ நல்லாயிருக்கணும்மா."

அஞ்சுகத்துக்கு அப்போதுதான் அழுகை வெடித்தது. தெரியாத ஆளுக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள் என்பதால், கேமராவில் பதிவாவதற்குள் சிஸ்டர் அவள் வாயைப் பொத்தி வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.